நடுவில் இருந்த வார்த்தை

துளசிங்கம் தன் டீக்கடையில் அந்தப் பலகையை மாட்டிய அன்று ஜம்புலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதிர்க்கடைக்காரன் தானே குழி வெட்டி, தானே அதில் இறங்கி உட்கார்ந்துகொண்டால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

நீலப் பலகை, வெள்ளை எழுத்து. மேலே தமிழில் 'இங்கே புகை பிடிக்கக் கூடாது' என்று ஒரு வரி. கீழே அதையே தெலுங்கில் இன்னொரு வரி. ஆர்.கே.பேட்டைப் பெயிண்டர் வேடியப்பன் கை எழுத்து. திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்து பன்னிரண்டு பதிமூன்று வருஷம் ஆகியிருந்தது. பழைய தெலுங்குப் பலகைகளை எல்லாரும் கழற்றி அடுப்பெரித்துவிட்ட ஊரில் இவன் ஒருத்தன் புதிதாகத் தெலுங்கில் எழுதி மாட்டுகிறான். சாமி பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்கள், அவர்களுக்கும் புரிய வேண்டுமாம்.

மலைக்குப் போகும் ரோட்டில், பஸ் வந்து நிற்கிற இடத்தில், இரண்டு கடைகளும் நேருக்கு நேர் இருந்தன. எந்த டீக்கடையானாலும் வாசலில் ஒரு கயிறு தொங்கும். அதன் நுனி விடிந்ததிலிருந்து கடை சாத்துகிற வரைக்கும் கனன்றுகொண்டே இருக்கும், பீடி வாங்குகிறவன் அதில் பற்ற வைத்துக்கொள்ள வேண்டியது. துளசிங்கம் பலகையை மாட்டிவிட்டு, தன் கடைக் கயிற்றை அவிழ்த்து வாளித் தண்ணீரில் போட்டான். அது 'உஸ்' என்று அணைந்தது ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. ஜம்புலிங்கத்தின் காதுக்கு நாதஸ்வரம் கேட்ட மாதிரி இருந்தது.

அன்றைக்கு அவன் கடையில் நிற்க இடம் இல்லை. எதிர்க்கடையிலிருந்து விரட்டப்பட்டவர்கள் எல்லாம் இங்கே வந்து உட்கார்ந்து புகை விட்டார்கள். ஜம்புலிங்கம் ஒவ்வொரு கிளாஸை நீட்டும்போதும் கேட்டான்.

"நீங்க இன்னா சொல்றீங்க? ஜனங்க இத ஒத்துக்குவாங்களா?"

கே.ஜி.கண்டிகையிலிருந்து வரும் பெருமாள், நிலம் நீச்சு உள்ளவர், பீடியை விரலிடுக்கில் வைத்தபடி தீர்ப்புச் சொன்னார். "பீடி இல்லாத டீ எப்படிய்யா உள்ள எறங்கும்? நாளைக்கு டீயே குடிக்கக் கூடாதும்பான். ஜனம் ஒத்துக்காது."

"அப்படிச் சொல்லுங்க."

"பஸ்ஸுல பிடிக்காதன்றான், சினிமாக் கொட்டாயில பிடிக்காதன்றான். ரோட்டுல இருக்கிற டீக்கடையிலயும் பிடிக்காதன்னா மனுசன் எங்கதான் போறது?" என்றார் இன்னொருவர்.

ஊர் முழுக்கத் தன் பக்கம்தான் என்று ஜம்புலிங்கம் முடிவு கட்டிவிட்டான். பீடிப் புகைக்கு நடுவில் நின்றுகொண்டு பீடி பிடிக்கிறவர்களிடம் மட்டும் ஊர்க் கருத்துக் கேட்டால் வேறு என்ன பதில் கிடைக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. புகை பொறுக்காதவர்கள் எவரும் அந்தக் கடைக்குள் எட்டு வருஷமாகக் கால் வைத்ததில்லை. அவர்களை அவன் ஜனம் என்று எண்ணியதும் இல்லை.

நாலு நாள் துளசிங்கம் ஈ ஓட்டினான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பூக்காரி ரத்தினம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பெண்பிள்ளை ஒருத்தி அந்த ரோட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. அதுவரை அவர்கள் வாசலில் நின்று சொம்பில் வாங்கிக்கொண்டு போவதோடு சரி. ரத்தினம்மாளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அப்புறம் மலையிலிருந்து இறங்கிய தெலுங்குக் குடும்பங்கள், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகளோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், பலகையின் கீழ் வரியைப் படித்துவிட்டுக் கூட்டமாக உள்ளே போனார்கள். ஒரு மாதத்தில் துளசிங்கம் இன்னும் இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டான்.

ஜம்புலிங்கத்தின் கடையில் அதே ஆட்கள், ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம். சுவரெல்லாம் கரி.

வியாபாரம் போனதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். அவனுக்குப் பொறுக்க முடியாத விஷயம் வேறு. அவன் மனைவி காஞ்சனாவுக்குத் துளசிங்கம் அத்தை மகன். கட்டிக்கொள்ளும் முறை உள்ளவன். அவளுக்கு என்று சின்ன வயசிலேயே பேசி வைத்திருந்தார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று கடைசி நேரத்தில் விட்டுப்போய், அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பத்திலிருந்து வந்து டீக்கடை போட்டிருந்த ஜம்புலிங்கத்துக்குக் கொடுத்தார்கள். துளசிங்கமும் வேறு பெண்ணைக் கட்டி, இரண்டு பிள்ளை பெற்று, அதை மறந்தே போனான். காஞ்சனாவும் மறந்துவிட்டாள். மறக்காதவன் ஜம்புலிங்கம் ஒருத்தன்தான். ஆந்திராவில் நகரியில் பிறந்து வளர்ந்த அவள், அங்கத்து வழக்கப்படி துளசிங்கத்தை அத்தான் முறையில் 'பாவா' என்று கூப்பிடுவாள். கட்டின புருஷனை 'இந்தாங்க' என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் எட்டு வருஷமாக வயிறெரிந்துகொண்டிருந்தான்.

காஞ்சனா மத்தியானத்தில் கடைக்கு வந்து கிளாஸ் கழுவிக் கொடுப்பாள். ஒரு நாள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்க்கடையைப் பார்த்தபடி சொன்னாள்.

"பாவாவுக்கு மூள கீது. பொம்பளைங்க, கொழந்தைங்க எல்லாம் இன்னா நிம்மதியா உக்காந்து குடிக்கிறாங்க பாருங்க. நல்ல வேல பண்ணாரு."

ஜம்புலிங்கத்துக்குள் புகைய ஆரம்பித்தது அப்போதுதான். எட்டு வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் தன்னைப் பார்த்து 'நல்ல வேலை பண்ணீங்க' என்று சொன்னதுண்டா? அதைக் கேட்க அவன் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பான். கேட்கிற வழி தெரியாததால், பாராட்டு வாங்கியவனைக் கெடுக்கிற வழியைத் தேடினான்.

வழியைக் காட்டியதும் அவளேதான்.

"அந்தக் கீழ் வரியில இன்னா எழுதியிருக்குது?" என்று அவன் கேட்டான். வியாபாரத்துக்குத் தெலுங்கு பேசுவான், ஆனால் ஒரு எழுத்துத் தெரியாது. காஞ்சனா நகரிப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கில் எட்டாவது வரை படித்தவள். கட்டின புருஷன் தன்னை எதையாவது படித்துக் காட்டச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்து, விரலை நீட்டி நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"இக்கட. பொக. த்ராகராது."

"நடுவுல இருக்கிறது?"

"பொக. பொகதான். நாம பொகை பிடிக்கிறோம்ன்றோம், தெலுங்குல பொகை குடிக்கிறதுன்னுதான் சொல்லுவாங்க. தண்ணி குடிக்கிறது, டீ குடிக்கிறது, பொகை குடிக்கிறது, எல்லாம் ஒரே வார்த்த."

"இன்னொரு வாட்டி படி."

அவள் இன்னும் ஆசையாகப் படித்தாள். எழுத்துக் கத்துக்கிறீங்களா, நான் சொல்லித் தரட்டுமா என்றுகூடக் கேட்டாள். அவனோ 'இக்கட த்ராகராது' என்று நடு வார்த்தை இல்லாமல் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கே குடிக்கக் கூடாது. டீக்கடை வாசலில்.

அந்த வாரம் காஞ்சனா தாய் வீட்டுக்கு நகரி போனாள். ஜம்புலிங்கம் ஒரு விடியற்காலை, பால் வாங்கப் போகிற நேரத்தில், எதிர்க்கடை பெஞ்சின் மேல் ஏறினான். உடைந்த கண்ணாடித் துண்டால் கீழ் வரியின் நடு வார்த்தையைச் சுரண்டினான். அண்ணன் வீட்டுத் தறிக்கு நூல் நனைக்கும் நீலச் சாயத்தைக் கொஞ்சம் கொண்டுவந்திருந்தான். அதைக் குழைத்து அந்த இடத்தில் பூசினான். இறங்கி நின்று பார்த்தபோது அங்கே ஒரு வார்த்தை இருந்ததற்கே அடையாளம் இல்லை. பரம்பரைத் தொழில் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தமிழ் படிக்கத் தெரிந்தவன் மேல் வரியோடு நிறுத்திக்கொண்டான். தெலுங்கு படிக்கத் தெரிந்தவன் கீழ் வரியைப் படித்துவிட்டு, ஏன் எதற்கு என்று கேட்காமல் நடையைக் கட்டினான். தண்ணீர் சரியில்லை போலிருக்கிறது என்று சிலர் நினைத்தார்கள். சாமி பார்க்கும் முன்னால் இங்கே குடித்தால் தீட்டோ என்று சிலர் நினைத்தார்கள். எல்லாரும் ரோட்டைத் தாண்டி ஜம்புலிங்கத்தின் கடைக்கு வந்தார்கள். புகையில் இருமிக்கொண்டே குடித்துவிட்டுப் போனார்கள்.

துளசிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்கும் தெலுங்கு வாயில்தான், கண்ணில் இல்லை. வாசலில் நின்று "ரண்டி, ரண்டி" என்று கூப்பிட்டுப் பார்த்தான். அவர்கள் பலகையைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். ஜம்புலிங்கம் இங்கிருந்து அதைப் பார்த்துக்கொண்டு டீ ஆற்றினான். எட்டு வருஷத்து எரிச்சல் அந்த ஒரு வாரத்தில் குளிர்ந்துபோயிற்று.

ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. காவடிக் கூட்டம் லட்சக்கணக்கில் வரும். அந்த நாட்களில் ரோட்டோரக் கடை எதிலும் பீடி சிகரெட் கூடாது என்று எல்லாருமாகக் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாமா என்று பலகை மாட்டிய புதிதில் துளசிங்கம்தான் கிளப்பிவிட்டிருந்தான். அதற்குக் கடைக்காரர்கள் எல்லாரும் சைக்கிள் கடை வீரபத்திரனின் கொட்டகையில் ஒரு சாயங்காலம் கூடினார்கள். வீரபத்திரன்தான் அவர்களுக்குத் தலைவர்.

ஜம்புலிங்கம் என்னென்னவோ பேச வேண்டும் என்று தயாராகப் போயிருந்தான். பேச வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. துளசிங்கம் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான்தான் இத ஆரம்பிச்சேன். ஜனங்களுக்குப் பிடிச்சிருக்குதுன்னு நெனச்சேன். மொதல்ல வந்தாங்க, அப்புறம் அவங்களே நின்னுட்டாங்க. யாரும் அடிச்சித் தொரத்தல. அப்போ ஜனங்களுக்குப் பிடிக்கலன்னுதானே அர்த்தம்? நான் வற்புறுத்தலங்க. பலகையையும் கிருத்திகைக்குள்ள கழட்டிடறேன்."

கை தூக்கச் சொன்னார்கள். கட்டுப்பாடு வேண்டாம் என்று எல்லாக் கையும் மேலே போயிற்று, துளசிங்கத்தின் கை உட்பட. வெளியே வரும்போது அவன் ஜம்புலிங்கத்தின் தோளைத் தொட்டான்.

"நீ சொன்னதுதான் சரிண்ணா. ஜனங்க மனசு உனக்குத்தான் தெரிஞ்சிருக்குது."

அதைக் கேட்டு ஜம்புலிங்கத்துக்கு இனித்திருக்க வேண்டும். ஏனோ இனிக்கவில்லை. தோற்றவன் இப்படி நல்லவனாக வேறு இருந்து தொலைக்க வேண்டுமா என்று அவன்மேல் இன்னும் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் மத்தியானம் நகரி பஸ்ஸிலிருந்து காஞ்சனா இறங்கினாள். அவளுக்கு என்று ஸ்பெஷலாக ஒரு டீ போட்டுக் கொடுத்து, கூட்டத்தில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

"உங்க பாவாவே வெளிய வந்து என் தோளத் தொட்டு, 'நீ சொன்னதுதான் சரி'ன்னுட்டான். பாத்துகினியா?"

"தெலுங்குக்காரங்க ஏன் நின்னுட்டாங்க?" என்றபடி அவள் எதிரே பலகையைப் பார்த்தாள். உதடு அசைந்து படித்தது. மறுபடியும் படித்தது. அப்புறம் அவள் கண் இறங்கி அவன் கையில் வந்து நின்றது. கட்டை விரல் நகத்துக்குள் நீலம் இன்னும் இருந்தது. நெசவுக்காரன் வீட்டுச் சாயம், நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும். அவன் கையைப் பின்னால் வைத்துக்கொண்டான்.

அவள் எழுந்தாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கு ராத்திரி சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், வாய் மட்டும் திறக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் அவனும் இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பான்.

விடிந்து அவன் பால் வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தபோது அவள் முன்னாலேயே வந்து அடுப்பு மூட்டியிருந்தாள். காலையில் அவள் வருகிற வழக்கம் இல்லை. ஏன் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. வழக்கமான ஆட்கள் வந்தார்கள். பெருமாள் வந்தார். வீரபத்திரனும் வந்து உட்கார்ந்தார். கயிற்றில் பீடிகள் பற்றின.

வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் அவன் கவனித்தான். அவன் டீ ஆற்றுகிற இடத்துக்குப் பின்னால், தலைக்கு மேலே, கரி படிந்த சுவரில் ஏதோ கிறுக்கியிருந்தது. சாக்பீஸ் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. ஈர விரலால் கரியைத் துடைத்தே எழுதியது. கரிக்கு நடுவே பழைய வெள்ளைச் சுவர் இரண்டே இரண்டு எழுத்தாகத் தெரிந்தது. அந்த வளைவைப் பார்த்தால் தெலுங்கு என்று மட்டும் புரிந்தது. தொட்டியில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த காஞ்சனாவைப் பார்த்தான். அவள் நிமிரவில்லை.

அப்போது ஒரு தெலுங்குக் குடும்பம் ரோட்டைத் தாண்டி உள்ளே வந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஒரு பெரியவர், கூட இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை. பெரியவர் சுவரைப் பார்த்தார். திரும்பி எதிர்க்கடைப் பலகையைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார்.

"அக்கட ஏமோ 'த்ராகராது' அனி உந்தி, இக்கட ஏமோ 'பொக' அனி உந்தி. ரெண்டூ கலிபி ராயவலசிந்தி கதா."

அங்கே 'குடிக்கக் கூடாது' என்று இருக்கிறது, இங்கே 'புகை' என்று இருக்கிறது, இரண்டையும் சேர்த்து அல்லவா எழுதியிருக்க வேண்டும் என்றார். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெலுங்கு காதில் விழுந்தால் புரியும்.  பெருமாள் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு எதிரே பார்த்தார்.

"அப்போ அங்க நடுவுல இருந்த வார்த்ததான் காணாம பூடுச்சா? அதனாலதான் அவங்க யாரும் உள்ள போகலியா?"

"மழையில கரைஞ்சிருக்கும்" என்றார் ஒருவர். "வேடியப்பன் பெயிண்டு அப்படித்தான்" என்றார் இன்னொருவர்.

ஜம்புலிங்கத்துக்கு அது போதும். ஆமாம், மழைதான், என்று தலையை ஆட்டினால் முடிந்துபோகும். ஒருத்தரும் அவனைச் சந்தேகப்படவில்லை. ஆனால் தொட்டியில் கிளாஸ் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, கை தண்ணீருக்குள் இருக்க, அவன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்தாள். இந்த ஒரு பொய்யைச் சொன்னால் இனிமேல் அவள் தன்னிடம் எதையுமே படித்துக் காட்ட மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

சுவரில் பட்டையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைக் கொட்டாங்கச்சியில் கரைத்தான். ஒரு குச்சியின் முனையில் துணியைச் சுற்றினான். எல்லாரும் பார்க்க ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்க்கடை பெஞ்சின் மேல் ஏறினான். ஏறிய பிறகுதான் எழுத்து எப்படி இருந்தது என்று மறந்துபோயிற்று. இறங்கித் திரும்பி வந்து தன் கடைச் சுவரைப் பார்த்தான். மறுபடி போய் ஏறினான். பாதி எழுதியதும் மீதி மறந்தது. மறுபடி வந்து பார்த்தான். மூன்றாம் தடவை வரும்போது கடையில் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. பெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

துளசிங்கம் உள்ளேயிருந்து வந்தான். "இன்னாண்ணா பண்றே?"

"நான் எடுத்த எழுத்து. போட்டுகினு கீறேன்."

துளசிங்கம் பலகையைப் பார்த்தான், இவன் கை நகத்தைப் பார்த்தான். முகம் ஒரு நொடி இறுகியது. அப்புறம் குனிந்து, ஆடிக்கொண்டிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "பாத்துண்ணா, கால் ஆடுது" என்றான். அவன் நாலு அறை விட்டிருந்தால் ஜம்புலிங்கத்துக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இந்தக் குணத்தைத்தான் அவள் பாராட்டுகிறாள் என்று அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது.

"தலக்கட்டு உட்டுட்டீங்க."

காஞ்சனா ரோட்டின் நடுவில் வந்து நின்றிருந்தாள். ஈரக் கையை நெற்றிக்கு வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தாள்.

"ரெண்டாவது எழுத்துக்கு மேல சின்னதா ஒரு கொம்பு வரும். அது இல்லன்னா எழுத்தே இல்ல."

அவன் போட்டான். கொம்பு கோணலாகத்தான் வந்தது.

"ஆங்" என்றாள். அவ்வளவுதான். விரலை நீட்டி, அன்றைக்குப் படித்த மாதிரியே நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "இக்கட. பொக. த்ராகராது."

வீரபத்திரன் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, பீடியைக் காலில் போட்டு நசுக்கினார். "முந்தாநேத்து தூக்கின கை செல்லாது. சாயங்காலம் எல்லாரும் மறுபடி கொட்டாயிக்கு வாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜம்புலிங்கம் தன் கடைக்குத் திரும்பினான். வாசல் கயிற்றை அவிழ்த்தான், தொட்டித் தண்ணீரில் போட்டான். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அவன் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு, சுவரில் இருந்த இரண்டு எழுத்தையும் துடைக்கக் கையைத் தூக்கினான்.

"அத அழிக்காதீங்க" என்றாள் காஞ்சனா பின்னாலிருந்து. "அது பீடிப் பொகைக்காக எழுதல, உங்களுக்காக எழுதினது."

அவன் தூக்கிய கையோடு நின்றான். கைக்குழந்தைக்காரி பால் கேட்டாள். துணியைக் கீழே வைத்துவிட்டு, அந்த வார்த்தைக்கு அடியிலேயே நின்று பாலை ஆற்ற ஆரம்பித்தான்.